பாய்காட்: ஒரு ஏஜென்ட்டின் பெயர் வினைச்சொல்லான கதை

‘பாய்காட்’ என்ற ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது, ‘பாய்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா, ‘இக்னோர்’ அல்லது ‘பேன்’ வரவேண்டிய இடத்தில் அதைப் போட்டால் தப்பா என்று கேட்டிருந்தீர்கள். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘பாய்’ என்ற பையனும் இல்லை, ‘காட்’ என்ற கட்டிலும் இல்லை, அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். 1880-ல் அயர்லாந்தின் மேற்கே மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலத்துக்கு ஏஜென்ட்டாக இருந்த சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் என்ற ஆங்கிலேயரை ஊரே சேர்ந்து ஒதுக்கி வைத்தது. அவருக்குச் செய்ததையே இன்னொருவருக்குச் செய்தால் அதற்கு ‘பாய்காட் செய்வது’ என்று பெயராகிவிட்டது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் அங்கே நடந்தது தெரிந்துவிட்டால் இந்தச் சொல்லை எங்கே போடலாம், எங்கே கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும். அதனால் கதையிலிருந்தே வருகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய அயர்லாந்தில் நிலம் ஒரு சிலர் கையில் இருந்தது. அவர்களில் பலர் அந்த ஊரில் வசிப்பதுகூட இல்லை, குத்தகை வசூலிக்க ஏஜென்ட் வைத்திருப்பார்கள். உழுகிறவனுக்கு அந்த நிலத்தில் எந்தப் பிடிமானமும் கிடையாது. குத்தகை பாக்கி விழுந்தால் நோட்டீஸ் வரும், அப்புறம் வீட்டைவிட்டு இறக்கிவிடுவார்கள். 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருந்தது. இந்த நிலையில் 1877 முதல் 1879 வரை தொடர்ந்து மகசூல் மோசம். 1879 ஆகஸ்டில் மேயோவின் காசில்பாரில் குத்தகைதாரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், அக்டோபரில் அதுவே டப்ளினில் நாடு தழுவிய ஐரிஷ் லேண்ட் லீக் ஆனது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல், அவரே ஒரு நிலக்கிழார்தான். அதைக் கட்டி எழுப்பிய மைக்கேல் டேவிட் மேயோக்காரர். நாலு வயதில் அவர் குடும்பத்தை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள், பதினோரு வயதில் இங்கிலாந்தின் பருத்தி ஆலை ஒன்றில் இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார். நியாயமான குத்தகை, வெளியேற்ற முடியாத உரிமை, தன் குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம், இவை மூன்றும்தான் லீக் கேட்டவை.

நம்ம ஆள் பாய்காட்டுக்கு வருவோம். 1832-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். குடும்பத்தின் பெயர் முதலில் ‘பாய்கேட்’ என்றுதான் இருந்தது, அவர் சிறுவனாக இருந்தபோது 1841-ல் எழுத்தை மாற்றிக்கொண்டார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஹேஷ்டேக்கெல்லாம் ‘பாய்கேட்’ என்று ஓடிக்கொண்டிருக்கும். 450 பவுன் கொடுத்து வீட்டார் அவருக்கு ராணுவத்தில் அதிகாரிப் பதவி வாங்கிக் கொடுத்தார்கள் (அந்தக் காலத்தில் அது சட்டப்படியே விலைக்குக் கிடைத்தது). சில வருடங்களிலேயே அதை விட்டுவிட்டார். கேப்டன் பதவிவரை உயரவே இல்லை, ஆனாலும் ஊரில் ‘கேப்டன் பாய்காட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பல வருடம் அக்கில் தீவில் இருந்துவிட்டு 1870-களில் மேயோவின் பாலின்ரோப் ஊருக்குப் பக்கத்தில் லாக் மாஸ்க் ஏரிக்கரையில் ஒரு வீடும் பண்ணையும் குத்தகைக்கு எடுத்தார். கூடவே எர்ன் பிரபுவுக்கு அங்கிருந்த சுமார் 1500 ஏக்கருக்கு வசூல் ஏஜென்ட். அவர் ஒன்றும் பெரிய கொடுங்கோலர் இல்லை, அப்படிச் சித்தரிப்பது கதைக்குச் சுவை கூட்டத்தான். ஆனால் சில்லறைத்தனமான கறார் ஆள். கேட்டைத் திறந்துபோட்டால் அபராதம், கோழி அவர் நிலத்தில் மேய்ந்தால் அபராதம், தோப்பில் விறகு பொறுக்கிக்கொள்ளும் பழைய வழக்கமும் ரத்து. குத்தகை உயர்வைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், கோழிக்கு அபராதம் போடுகிறவனை எந்தக் கிராமமும் மறக்காது என்பது என் அபிப்பிராயம்.

1880-ல் மகசூல் சரியில்லை என்று எர்ன் பிரபு குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். குத்தகைதாரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள். பிரபு மறுத்தார், பாய்காட் 11 பேர் மேல் வெளியேற்ற நோட்டீஸ் வாங்கினார். இதே சமயத்தில், செப்டம்பர் 19 அன்று, என்னிஸ் நகரில் பார்னெல் ஒரு கூட்டத்தில் பேசினார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் போட்டி போட்டுக் குத்தகைக்கு எடுப்பவனை என்ன செய்வது என்று அவர் கேட்க, கூட்டத்திலிருந்து ‘சுட்டுவிட வேண்டியதுதான்’ என்று குரல். பார்னெல் அதைவிட நல்ல வழி, இன்னும் கிறிஸ்தவத்தனமான வழி ஒன்று இருக்கிறது என்றார். சாலையில் பார்த்தால் விலகிப் போங்கள், கடை வாசலிலும் சந்தையிலும் தேவாலயத்திலும்கூட அவனைத் தனியே விட்டுவிடுங்கள், பழைய காலத்துத் தொழுநோயாளியைப்போல ஒதுக்கி வையுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். கவனியுங்கள், அவர் சொன்னது அடுத்தவன் நிலத்தைப் பிடிக்கும் சக குத்தகைதாரனை. ஏஜென்ட்டையோ பிரபுவையோ அவர் குறிப்பிடவில்லை. அதை மேலே நோக்கித் திருப்பியது மேயோ மக்கள்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22-ல், நோட்டீஸ் கொடுக்க ஒரு ஆள் போலீஸ் காவலோடு வந்தார். இரண்டு மூன்று வீடு தாண்டுவதற்குள் பெண்கள் திரண்டு கல்லும் சேறும் சாணமும் வீச, அவர் பாய்காட் வீட்டுக்குள் ஓடித் தஞ்சம் புக வேண்டியதாயிற்று. மறுநாள் ஒரு கூட்டம் பாய்காட் வீட்டுக்கே போனது. அவரை யாரும் தொடவில்லை. அங்கே வேலை செய்தவர்களிடம் பேசினார்கள், வேலைக்காரர்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்க மாட்டேன் என்றார். துணி துவைக்கும் பெண் வரவில்லை. தபால் கொண்டுவரும் பையனை மிரட்டி நிறுத்திவிட்டார்கள். பாலின்ரோப் கடைக்காரர்கள் சாமான் தர மறுத்தார்கள், சாப்பாட்டுச் சாமான் ஏரி வழியாகப் படகில் வர வேண்டியிருந்தது. வயலில் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தானியமும் எடுக்க ஆளில்லாமல் கிடந்தன. முழுக்க முழுக்க அஹிம்சை என்று இதை மெழுக முடியாது, சாணம் வீசியதும் மிரட்டியதும் உண்டு. ஆனால் அதன் உயிர் இருந்தது மறுப்பில்தான்: கை ஓங்காமல், கொடுக்கல் வாங்கலை மட்டும் நிறுத்துவது.

இனி சொல் பிறந்த இடம். அந்தப் பக்கத்துப் பங்குத் தந்தை ஜான் ஓ’மாலி, அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத், இருவரும் அந்த நாட்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ரெட்பாத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இந்த மாதிரி ஒதுக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்று ஏற்கெனவே ஒன்று உண்டு. பழைய ஏதென்ஸில் பானை ஓட்டுச் சில்லில் ஒருவர் பெயரைக் கீறி வாக்களித்துப் பத்து வருடம் நாடுகடத்துவார்கள், அந்த ஓட்டுச் சில்லின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. ஆனால் மேயோ விவசாயிக்கு அந்தச் சொல் புரியாதே என்பது அவர் கவலை. ஓ’மாலி கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அவனை பாய்காட் பண்ணு என்றே வைத்தால் என்ன?’ என்ற பொருளில் சொன்னார். இது ரெட்பாத்தே எழுதிவைத்த கணக்கு. அக்டோபர் மாதமே அவர் எழுதியது அமெரிக்கப் பத்திரிகையில் அச்சேறிவிட்டது. நவம்பரில் லண்டன் டைம்ஸ், மேற்கோள் குறி போட்டு, வேறு ஊரில் வேறு ஆட்களை மக்கள் ‘பாய்காட்’ செய்யத் தீர்மானித்ததைப் பற்றி எழுதுகிறது. ஆள் இன்னும் வீட்டில் சிறைப்பட்டதுபோல் இருக்கும்போதே அவர் பெயர் வினைச்சொல்லாகி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

சொல் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு ஒருவகையில் பாய்காட்டே காரணம். தன் நிலைமையை விவரித்து அவர் டைம்ஸுக்கு எழுதிய கடிதம் அக்டோபரில் வெளிவந்தது, உடனே இங்கிலாந்திலும் பெல்ஃபாஸ்ட்டிலும் அனுதாபம் பொங்கி நிதி திரட்டினார்கள். வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 ஆரஞ்சு சங்கத்தார், அதாவது பிரிட்டனுக்கு விசுவாசமான புராட்டஸ்டன்ட்டுகள், அறுவடைக்கு வந்தார்கள். முதலில் நூற்றுக்கணக்கில் ஆயுதத்தோடு வருவதாகத் திட்டம், கலவரமாகும் என்று அரசு ஐம்பதோடு நிறுத்தியது. கிளேர்மாரிஸ் ரயிலடியில் இறங்கியவர்களுக்கு வண்டி கொடுக்க ஆளில்லை, மழையில் பாலின்ரோப் வரை நடந்தே போனார்கள். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் சிப்பாய்களும் போலீசும். சிப்பாய்கள் பாய்காட்டின் தோட்டத்திலேயே கூடாரம் அடித்து, அவருடைய மரத்தை வெட்டி எரித்து, புல்வெளியை மிதித்து நாசம் செய்ததுதான் வேடிக்கை. இரண்டு வாரத்தில் அறுவடை முடிந்தது. விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுன். அதைக் காப்பாற்ற ஆன செலவு 10,000 பவுன் என்று கணக்குச் சொல்கிறார்கள். தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் ஆயிற்று என்று பார்னெல் கேலி செய்தார்.

ஓ’மாலி பாதிரியாரோ, பட்டாளத்தின் பக்கமே போகாதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று மக்களிடம் சொல்லிவைத்திருந்தார். பட்டாளம் திரும்பிப் போன நாளில் சாலை முழுக்க வெறிச்சோடிக் கிடக்க, சுவரோரம் ஒரு கிழவி மட்டும் நின்றிருந்தாளாம். பாதிரியார் அவளைப் பார்த்து, ‘பிரிட்டிஷ் பட்டாளத்தைத் தொந்தரவு செய்யாதே என்று உன்னிடம் சொல்லவில்லையா?’ என்று அதட்டியதாக ஒரு கதை உண்டு. உண்மையோ கட்டியதோ, அந்த ஊரின் மனநிலையை அது சரியாகச் சொல்லிவிடுகிறது.

நவம்பர் கடைசியில் பாய்காட் குடும்பத்தோடு கிளம்பினார். வண்டி ஓட்ட யாரும் வராததால் ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில். டப்ளினில் அவர் தங்கிய ஹோட்டல்காரருக்கு மிரட்டல் கடிதம் போயிற்று, அங்கிருந்து இங்கிலாந்து. 1881-ல் அமெரிக்கா போனபோது குடும்பப் பெயரை விட்டுவிட்டு ‘சார்லஸ் கன்னிங்ஹாம்’ என்று பயணம் செய்தார். பாவம், பத்திரிகைக்காரர்கள் அங்கேயும் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே வருடம் லாக் மாஸ்க்குக்குத் திரும்பிவந்து சில வருடம் இருந்தார், ஆச்சரியமாக, பெரிய பகையில்லாமலேயே. 1886-ல் இங்கிலாந்தின் சஃபோக்கில் ஏஜென்ட் வேலைக்குப் போனார், 1897-ல் அங்கேயே இறந்தார். அதற்குள் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் தொகுதி 1888-ல் வந்துவிட்டது, அதில் இந்தச் சொல்லும் ஏறிவிட்டது. தன் பெயருக்கு அகராதியில் பொருள் படிக்கும் நிலை எத்தனை பேருக்கு வாய்க்கும்! அதே 1888-ல் ரோமிலிருந்து போப்பின் அலுவலகமும் பாய்காட்டிங் கூடாது என்று ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கு ஆணை அனுப்பியது. மக்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. குத்தகைதாரர்கள் கேட்ட மூன்று கோரிக்கைகளும் 1881-லேயே பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த நிலச் சட்டத்தில் பெரும்பாலும் வந்துவிட்டிருந்தன.

இப்போது சொல்லுக்கு வருவோம், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். மனிதர் பெயரிலிருந்து வந்த வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு: பாஸ்டரிடமிருந்து பாஸ்ச்சரைஸ், கால்வானியிடமிருந்து கால்வனைஸ், மெஸ்மரிடமிருந்து மெஸ்மரைஸ், ஷேக்ஸ்பியரை வெட்டிச் சுத்தப்படுத்தி வெளியிட்ட டாக்டர் பௌட்லரிடமிருந்து பௌட்லரைஸ். இவை எல்லாவற்றிலும் பெயர் அதைச் செய்தவருடையது, அல்லது கண்டுபிடித்தவருடையது. பாய்காட் மட்டும் தலைகீழ். அவர் யாரையும் பாய்காட் செய்யவில்லை, செய்யப்பட்டார். எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் செயப்படுபொருளே போய் வினையாக உட்கார்ந்துகொண்டது. மற்றச் சொற்களில் இருப்பதுபோல ‘ஐஸ்’ என்ற விகுதிகூட ஒட்டாமல், பெயர் அப்படியே வினையாகிவிட்டது. பாதிரியாரின் எளிமை அதில் தெரிகிறது.

சரி, பொருள். மேயோவில் நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் நாலு விஷயம் தெரியும். செய்தது ஒரு கூட்டம். அவர்கள் நிறுத்தியது வழக்கமாக அவரோடு வைத்திருந்த கொடுக்கல் வாங்கல், வேலை, பேச்சு. அதற்கு வெளிப்படையான ஒரு கோரிக்கையோ கண்டனமோ காரணமாக இருந்தது. அரசோ கோர்ட்டோ சொல்லிச் செய்ததில்லை, அவர்களாகவே செய்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இந்தச் சொல்லில் இவை பெரிதாக மாறவில்லை. ஒதுக்கப்படுவது மட்டும் விரிந்துவிட்டது: மனிதரிலிருந்து கடை, கம்பெனி, பொருள், தேர்தல், கூட்டம், விளையாட்டுப் போட்டி, சினிமா, ஒரு முழு நாடு என்று.

இதை வைத்துப் பார்த்தால் ‘பேன்’ வேறு என்பது புரியும். பேன் என்பது அதிகாரம் உள்ளவர் போடும் தடை. ஒரு படத்தை அரசு திரையிட விடாவிட்டால் அது பேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க மாட்டோம் என்று ரசிகர்கள் டிக்கெட் வாங்காமல் இருந்தால் பாய்காட். செய்தித் தலைப்புகளில் இரண்டையும் குழப்புவது சகஜம். ‘எம்பார்கோ’ என்பதும் அரசின் காரியம்தான், துறைமுகத்தையோ சரக்கையோ அடைப்பது. ‘ஸ்ட்ரைக்’ என்றால் தொழிலாளி தன் முதலாளிக்கு வேலை செய்ய மறுப்பது.

‘இக்னோர்’ விஷயத்தில்தான் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதற்குக் காரணம் நம்ம ‘புறக்கணி’. தமிழில் தேர்தலையும் புறக்கணிக்கலாம், நண்பனின் போன் அழைப்பையும் புறக்கணிக்கலாம், ஒரு மாவட்டத்தை அரசு பல வருடமாகப் புறக்கணிக்கிறது என்றும் எழுதலாம். மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது மட்டும் பாய்காட். இரண்டாவது இக்னோர், மூன்றாவது நெக்லெக்ட். ‘ஹி பாய்காட்டட் மை கால்’ என்றால் கேட்கிற ஆங்கிலேயர் சிரிப்பார். கண்டுகொள்ளாமல் இருப்பதற்குக் காரணமும் தேவையில்லை, யாருக்கும் தெரியவும் வேண்டாம். பாய்காட்டோ வெளியே தெரிந்தால்தான் வேலை செய்யும், ரகசிய பாய்காட் என்று ஒன்று இருக்க முடியாது. இலங்கைத் தமிழில் இந்தச் சிக்கல் குறைவு, அங்கே ‘பகிஷ்கரிப்பு’ என்ற பழைய சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலைநிறுத்தத்தைக்கூட ‘பணிப்பகிஷ்கரிப்பு’ என்றுதான் பத்திரிகையில் போடுவார்கள். 1931-ல், பிரிட்டிஷார் இலங்கைக்குக் கொடுத்த டொனமூர் அரசியலமைப்பின்படி நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அறைகூவலின்பேரில் பகிஷ்கரித்து, வடக்கில் நாலு தொகுதிகள் 1934 வரை காலியாகவே கிடந்தது அந்த ஊர் வரலாற்றில் பெரிய விவாதம்.

ஒரு எளிய சோதனை சொல்கிறேன். வழக்கமாக வாங்காத, போகாத, தேவைப்படாத ஒன்றை பாய்காட் செய்ய முடியாது. வாழ்க்கையில் கோலா குடித்தே அறியாதவர் கோலாவை பாய்காட் செய்கிறேன் என்றால் அதில் வினையே இல்லை. பாலின்ரோப் கொல்லருக்குப் பாய்காட்டின் குதிரை லாடத்தால் காசு வந்துகொண்டிருந்தது, அந்தக் காசை அவர் விட்டார். விடுகிறவருக்கும் கொஞ்சம் நஷ்டம் இருக்க வேண்டும். இணையத்தில் தினமும் ஓடும் பாய்காட் ஹேஷ்டேக்குகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது என்றே நினைக்கிறேன், ஆனால் சொல் வழக்கு அப்படித் தளர்ந்துவிட்டது, அதை இனி யாரும் இறுக்க முடியாது.

சொல் 1880-ல் வந்தது என்பதால் செயலும் அன்றைக்குத்தான் வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1791 வாக்கில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரிபியச் சர்க்கரையை இங்கிலாந்தில் லட்சக்கணக்கானோர் விட்டார்கள். அதைச் சொல்ல அப்போது ஒரு வினைச்சொல் இல்லாமல் ‘தவிர்த்தல்’, ‘விலகியிருத்தல்’ என்றெல்லாம் சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது. பெயர் கிடைத்ததும் வசதியாகிவிட்டது. சில வருடங்களுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன் எல்லாம் இதை வாங்கித் தங்கள் வினை விகுதியை ஒட்டிக்கொண்டன. ஜப்பானியர்கள் ‘போய்கொட்டோ’ என்கிறார்கள்.

இந்தியாவுக்கு இது அரசியல் சொல்லாகவே வந்தது. வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா டவுன் ஹாலில் பிரிட்டிஷ் சாமான்களை பாய்காட் செய்யும் தீர்மானம் போட்டார்கள். அதன் அலைதான் அடுத்த வருடம் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி. 1908-ல் வெள்ளையர் நடத்திய கோரல் மில்லின் வேலைநிறுத்தத்தின்போது அந்த ஊரில் நாவிதர்களும் சலவைத் தொழிலாளர்களும் ஐரோப்பியர்களுக்கும் அவர்கள் பக்கம் பேசிய நம்ம ஆட்களுக்கும் வேலை செய்ய மறுத்தார்கள். மேயோவை அப்படியே தாமிரபரணிக் கரைப் பக்கம் கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கிறது, இல்லையா?

ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறை. பலமில்லாத குத்தகைதாரர்கள் பலமுள்ள ஏஜென்ட்டுக்குச் செய்ததை, பலமுள்ளவர்கள் பலமில்லாதவர்களுக்கும் செய்யலாம். நம் கிராமங்களில் கடையில் சாமான் கிடையாது, வேலை கிடையாது, கிணற்றில் தண்ணீர் கிடையாது என்று தலித்துகளை ஊர் கட்டுப்பாடு வைத்து ஒதுக்கியது பாய்காட் என்ற சொல் வருவதற்கு வெகு முன்பே இருந்தது. அம்பேத்கர் இதை நேரடியான வன்முறையைவிடப் பயங்கரமான ஆயுதம் என்று கருதினார், ஏனென்றால் இதில் வழக்குப் போடவே பிடி கிடைக்காது. வட்டமேஜை மாநாட்டில் அவர் கொடுத்த பாதுகாப்புத் திட்டத்தில் பாய்காட்டைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது, அதற்கான வரையறையை 1922-ம் வருடத்து பர்மா பாய்காட் எதிர்ப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார். 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சமூக, பொருளாதார பாய்காட் அதில் குற்றமாகச் சேர்ந்தது. மகாராஷ்டிரம் சமூகப் புறக்கணிப்புக்கு எதிராக 2016-ல் தனிச் சட்டமே போட்டது. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் இதே உறுத்தல். 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் மாண்ட்கோமரியின் கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் ஏறாமல் இருந்ததை உலகமே பாய்காட் என்றுதான் சொல்கிறது. ஆனால் கறுப்பர்களுக்குக் கடனும் வேலையும் மறுத்த வெள்ளையர் அமைப்புகளும் அதே முறையைத்தான் கையாண்டன என்பது அவரை யோசிக்க வைத்தது. நாங்கள் செய்வது தீய ஏற்பாட்டுக்கு ஒத்துழைப்பை விலக்கிக்கொள்வது என்று அவர் விளக்கம் எழுதினார்.

விளையாட்டில் பெரிய உதாரணம், சொல் பிறந்து சரியாக நூறு வருடம் கழித்து நடந்த 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸ். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. இந்தியா போனது, பலமான ஹாக்கி அணிகள் பல வராத அந்தப் போட்டியில் நம்ம வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கியது. இங்கே இங்கிலாந்து பேட்ஸ்மேன் ஜெஃப்ரி பாய்காட் ஞாபகத்துக்கு வராத கிரிக்கெட் ரசிகர் இருக்க மாட்டார். 1974 முதல் 1977 வரை இங்கிலாந்துக்கு ஆட மாட்டேன் என்று ஒதுங்கியிருந்தவர், அப்புறம் 1982-ல் உலகமே விளையாட்டு உறவை வெட்டியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போய் மூன்று வருடத் தடை வாங்கினார். பாய்காட்டை மீறியதற்காக ஒரு பாய்காட்டுக்கு பேன்.

நம்ம ஊரில் இன்றைக்கு இந்தச் சொல்லை அதிகம் புழங்குவது வக்கீல்கள்தான், கோர்ட் பாய்காட். வக்கீல்களுக்கு ஸ்ட்ரைக் செய்யவோ பாய்காட்டுக்கு அழைக்கவோ உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டவர் பெயர் முன்னாள் கேப்டன் ஹரிஷ் உப்பல், மறுபடியும் ஒரு கேப்டன், தற்செயல்தான். தீர்ப்புக்குப் பிறகும் பாய்காட் நின்றபாடில்லை.

கடைசியாக இலக்கணம், இது சீக்கிரம் முடிந்துவிடும். வினையாக வரும்போது நேராகச் செயப்படுபொருளை எடுக்கும், நடுவில் எதுவும் வேண்டாம். ‘வி ஆர் பாய்காட்டிங் த மீட்டிங்’ சரி. ‘பாய்காட்டிங் அகெய்ன்ஸ்ட் த மீட்டிங்’, ‘பாய்காட்டிங் ஃப்ரம் த மீட்டிங்’ இரண்டும் தப்பு. ‘பாய்காட் டு பை’ என்றும் எழுதக் கூடாது, வாங்க மறுப்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது மட்டும் ‘எ பாய்காட் ஆஃப் த எலக்ஷன்’ என்று ‘ஆஃப்’ சேரும், அங்கே ‘அகெய்ன்ஸ்ட்’ போட்டாலும் பாதகமில்லை. ஆரம்பிப்பதை ‘கால் ஃபார்’ என்றும் நிறுத்துவதை ‘கால் ஆஃப்’ அல்லது ‘லிஃப்ட்’ என்றும் சொல்வார்கள். அழுத்தம் முதல் அசையில், ‘பாய்’ மேல். பெரிய எழுத்தில் ஆரம்பிக்க வேண்டாம், அந்த மரியாதை 1880-லேயே போய்விட்டது. தனி ஒருவர் ‘ஐ ஆம் பாய்காட்டிங் தட் ஹோட்டல்’ என்று சொல்லலாமா என்றால், சொல்லலாம், எல்லாரும் சொல்கிறார்கள், கொஞ்சம் விளையாட்டுத் தொனி இருக்கும், அவ்வளவுதான். பரீட்சையிலோ அலுவலகக் கடிதத்திலோ அந்த இடத்தில் ‘அவாய்ட்’ அல்லது ‘ரெஃப்யூஸ் டு கோ’ போட்டுக்கொள்ளுங்கள்.